இத்தாலிக்குப் போகிற நம்ம ஊர்க்காரர்களுக்கு: டிராட்டோரியாவில் உட்கார்ந்து சாப்பிடுவது எப்படி

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று எந்த ஊர்க் கல்யாணத்துக்குப் போனாலும், பந்தியில் பக்கத்து இலைக்காரர் ரோமுக்கு டூர் போய்வந்த கதை சொல்கிறார். கொலோசியம் பிரமாதம், வெனிஸ் பிரமாதம். சாப்பாடு எப்படி என்று கேட்டால், "அதை ஏன் கேக்குறீக ஆச்சி, ஒரு வாரமும் பீட்சாதான்" என்கிறார். இல்லையென்றால் டூர்க்காரர் கொண்டுபோய் விட்ட ஓட்டலில் பனீர் பட்டர் மசாலா. பனீர் பட்டர் மசாலாவுக்கு மதுரையே போதுமே, விமானம் எதற்கு?

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டில் தங்க வரும் வெளிநாட்டு விருந்தாளிகளுக்குச் சாப்பாடு போடுவது என் வேலை. மார்கழி, தையில் இத்தாலிக்காரர்கள் வருவார்கள். முகப்பில் நுழைந்ததும் குனிந்து தளத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள், அவர்கள் ஊர்ச் சலவைக்கல் ஆயிற்றே. சாப்பிட உட்கார்ந்தால் அவசரமே கிடையாது. மகளும் மாப்பிள்ளையும் இத்தாலியின் பொலோனியா நகரில் இருப்பதால் அவர்கள் ஊரிலும் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்துவிட்டேன். கேட்கிறவர்களுக்கெல்லாம் போனில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன்.

டிராட்டோரியா என்றால் நம்ம ஊர் மெஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பம் நடத்தும். கல்லாவில் அப்பா, உள்ளே அம்மா அல்லது பாட்டி, பரிமாறுவது மகன். பட்டியல் சின்னது, அதிலும் இன்றைக்கு என்ன உண்டோ அதுதான் உண்டு. ரிஸ்தொராந்தே என்று பலகை இருந்தால் கொஞ்சம் பகட்டு, விலையும் கூட. ஒஸ்தெரியா என்பது முன்காலத்தில் ஒயின் விற்ற இடம், இப்போது சாப்பாடும் உண்டு. இந்தப் பெயர்களை இன்றைக்கு இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள், ஆகவே பலகையை மட்டும் நம்பி நுழையாதீர்கள். வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்கிறவன் இருந்தால், உணவுப் படங்களை ஆறு மொழியில் அச்சடித்து மாட்டியிருந்தால், நடையைக் கட்டுங்கள். பெரிய சதுக்கத்தை ஒட்டிய முதல் வரிசையை விட்டு இரண்டு மூன்று தெரு உள்ளே போங்கள். கையால் எழுதிய பட்டியல், மேசையில் காகித விரிப்பு, உள்ளே அந்த ஊர்க்காரர்கள் பேச்சுச் சத்தம். அங்கே உட்காரலாம்.

நேரம் முக்கியம். மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை, இரவு ஏழரையிலிருந்து பத்து, பத்தரை வரை. நடுவில் அடுப்பு அணைந்துவிடும். நாலு மணிக்குப் பசிக்கிறது என்று போனால் கதவு சாத்தியிருக்கும், திறந்திருந்தாலும் அது டூரிஸ்டுக்கான கடை. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, பல இடங்களில் திங்கள் அல்லது ஞாயிறு. ஆகஸ்டு நடுவில், 15-ஆம் தேதி பண்டிகையை ஒட்டி, கடைக்காரர்களே கடற்கரைக்குப் போய்விடுவார்கள். அப்போது போகிறவர்கள் முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மதியம் குடும்பம் குடும்பமாக வருவார்கள், அன்றைக்கு முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். மற்ற நாளிலும் இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு போன் போட்டு வைப்பது நல்லது. ஒரு பெயர், எத்தனை பேர், எத்தனை மணி, அவ்வளவுதான் கேட்பார்கள். அழகப்பன், மெய்யம்மை என்று சொன்னால் எழுதத் திணறுவார்கள். நான் மீனா என்று சொல்லிவிடுவேன்.

உள்ளே போனதும் காலி மேசையைப் பார்த்து நேராகப் போய் உட்காரக் கூடாது. வாசலில் நின்று, பகலில் "புவன் ஜோர்னோ", சாயங்காலத்துக்கு மேல் "புவனசேரா" என்று வணக்கம் சொல்ல வேண்டும். பிறகு விரலைக் காட்டினால்கூடப் போதும், நாலு பேர் என்று புரிந்துகொள்வார்கள். அவர்கள் காட்டுகிற இடத்தில் உட்காருங்கள். வணக்கம் சொல்லாமல் "டேபிள் ஃபார் ஃபோர்" என்று ஆரம்பிப்பவரைவிட, தப்பும் தவறுமாக ஒரு வணக்கம் வைப்பவரை அவர்கள் நன்றாகக் கவனிக்கிறார்கள். நம்ம ஊரிலும் அப்படித்தானே. கடைக்குள் புகை பிடிக்க 2005-லிருந்தே தடை உண்டு. வெளியே போட்ட மேசைகளில் பல ஊர்களில் பிடிப்பார்கள். புகை ஆகாதவர்கள் உள்ளேயே உட்காருங்கள்.

முதலில் தண்ணீர் கேட்பார்கள். நாத்துராலே என்றால் சாதாரணத் தண்ணீர், ஃப்ரித்ஸாந்தே என்றால் சோடா. இரண்டும் பாட்டிலில் வரும், காசு உண்டு. குழாய்த் தண்ணீர் கேட்கிற பழக்கம் அங்கே அதிகம் இல்லை, ஒன்றிரண்டு யூரோவுக்காக அதில் மல்லுக்கு நிற்க வேண்டாம். ஒயின் குடிக்கிறவர்கள் "வீனோ தெல்லா காசா" என்று அந்தக் கடையின் ஒயினையே கேட்கலாம். கால் லிட்டர், அரை லிட்டர் என்று கூஜாவில் வரும், பாட்டிலைவிட மலிவு. ரொட்டிக் கூடை தானாக வந்துவிடும். வெண்ணெய் வராது, கேட்கவும் வேண்டாம். ரொட்டி சாப்பாட்டோடு சாப்பிடுவதற்கு. ஃபிளாரன்ஸ் பக்கம் ரொட்டியில் உப்பே இருக்காது. அது மறதி இல்லை, தொஸ்கானா வழக்கமே அது.

சாப்பாடு வரும் வரிசை

அந்திபாஸ்தோ என்பது தொடக்கத்துக்குக் கொஞ்சம். பிரிமோ என்பது பாஸ்தா, ரிசோத்தோ என்ற குழைந்த அரிசிச் சோறு, சூப் வகை. செகொந்தோ என்பது கறி அல்லது மீன். கொந்தோர்னோ என்பது காய்கறி. கடைசியில் தோல்சே, இனிப்பு. இத்தனையும் ஒவ்வொருவரும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்று பயந்து ஓடி வந்தவர்களை எனக்குத் தெரியும். அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. ஒரு பிரிமோ, ஒரு காய், போதும். ஒரு அந்திபாஸ்தோவை நடுவில் வைத்துப் பகிர்ந்துகொண்டு, ஆளுக்கொரு பிரிமோ வாங்குவது எங்கள் வழக்கம். ஆனால் நாலு பேர் சேர்ந்து ஒரே ஒரு தட்டு பாஸ்தா வாங்கி நாலாகப் பிரிப்பது வேண்டாம், பார்க்கிறவர்களுக்கு நன்றாக இராது. குழந்தைக்கு "மெத்ஸா போர்ச்சியோனே" என்று அரைத் தட்டு கேட்கலாம். எதுவும் பிடிக்காத குழந்தைக்கும், வயிறு சரியில்லாத பெரியவர்களுக்கும் "பாஸ்தா இன் பியாங்கோ" கேளுங்கள், வெண்ணெய் அல்லது எண்ணெய் மட்டும் போட்ட வெறும் பாஸ்தா. பட்டியலில் எழுதியிராது, ஆனால் கேட்டால் தருவார்கள்.

செகொந்தோ தட்டில் கறித்துண்டு மட்டும் மொட்டையாக வந்து நிற்கும். "கூட ஒண்ணுமே வைக்கலியே" என்று எங்கள் வீட்டுச் செட்டியார் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காயைத் தனியாகச் சொன்னால்தான் வரும், அதற்குத்தான் கொந்தோர்னோ. ரோமில் சிக்கோரியா என்று ஒரு கீரை. வேகவைத்துப் பிழிந்து, எண்ணெயில் பூண்டும் மிளகாயும் போட்டுப் புரட்டித் தருவார்கள். கொஞ்சம் கசக்கும். நாக்குச் செத்துப்போன நாலாம் நாளில் அதைச் சாப்பிட்டுப் பாருங்கள்.

என்ன வாங்குவது என்று தெரியாவிட்டால், "இன்றைக்கு என்ன?" என்று கேட்பதுதான் இருப்பதில் நல்ல வழி. "கே சே தி புவனோ ஓஜ்ஜி?" என்று கேளுங்கள். பரிமாறுகிற பையன் மளமளவென்று ஒப்பிப்பான், புரியாவிட்டால் பக்கத்து மேசையைக் காட்டுவான். ரோமில் வியாழக்கிழமை ஞொக்கி என்ற உருளைக்கிழங்கு உருண்டை, வெள்ளிக்கிழமை மீன், சனிக்கிழமை குடல் என்று ஒரு பழைய முறை இன்றும் சில கடைகளில் உண்டு. வெள்ளிக்கிழமை கறி சமைக்காத வீடுகள் நம்மிடமும் இருப்பதால் எனக்கு அதில் ஒரு மரியாதை.

அந்தந்த ஊரில் அந்த ஊர்ச் சாப்பாடுதான். ரோமில் காச்சோ எ பெப்பே, கார்பொனாரா, அமத்ரிச்சானா என்ற பாஸ்தா வகைகள். மிலானில் குங்குமப்பூ ரிசோத்தோ. ஜெனோவாவில் துளசி இனத்து இலையை இடித்த பெஸ்தோ. ஃபிளாரன்ஸில் பழைய ரொட்டியும் பீன்ஸும் கறுப்பு முட்டைக்கோஸ் இலையும் சேர்த்துக் காய்ச்சும் ரிபொல்லீத்தா. வெனிஸில் போய்க் கார்பொனாரா கேட்டாலும் தருவார்கள், ஆனால் அதற்காக வெனிஸ் வரை போயிருக்க வேண்டாம்.

பொலோனியாவில் ஜன்னல் ஓரம் நின்று நான் வெகுநேரம் பார்த்தது பாஸ்தா தேய்ப்பதைத்தான். 100 கிராம் மாவுக்கு ஒரு முட்டை, தண்ணீர் கிடையாது. என் கை நீளத்துக்கு மேல் இருக்கும் ஓர் உருட்டுக்கட்டை. அந்த அம்மாள் மாவை அழுத்தவில்லை, உள்ளங்கையால் கட்டையின் மேல் வெளிப்பக்கமாக நகர்த்தி நகர்த்தி இழுக்கிறார். மாவு மேசை விளிம்பைத் தாண்டித் தொங்குகிறது, அவர் வயிற்றால் அதை மேசையோடு பிடித்துக்கொள்கிறார். கடைசியில் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அந்தப் பக்கம் கை நிழல் தெரிகிறது. கொஞ்சம் காயவிட்டு, மடித்து, கத்தியால் சரசரவென்று அரிந்து உதறினால் தாலியத்தெல்லே. வெந்தபின் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று 1972-ல் அந்த ஊர் வர்த்தக சபையில் பதிவே செய்து வைத்திருக்கிறார்கள். அதை ராகு என்ற கறிக் குழம்போடுதான் தருவார்கள், அதில் மாட்டுக்கறி உண்டு. நான் காளானோடு வாங்கிக்கொண்டேன்.

சைவம், மாடு, பன்றி

இதில்தான் நம்ம ஆட்கள் அதிகம் திண்டாடுகிறார்கள். "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் போதாது. "செந்த்ஸா கார்னே, செந்த்ஸா பெஷே" என்று சொல்லுங்கள், கறி வேண்டாம், மீன் வேண்டாம். அதற்கு மேலும் மூன்று இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். ஒன்று, கறி வேகவைத்த சாறு. ரிசோத்தோவும் காய்கறி சூப்பும் அதில் வெந்திருக்கலாம். "ப்ரோதோ தி கார்னே?" என்று கேட்டுவிடுங்கள். இரண்டு, அச்சூகே. நெத்திலி போன்ற உப்புமீன், சாலட்டில்கூடக் கரைந்து கிடக்கும். மூன்று, சீஸ். பார்மிஜானோவைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறையால்தான் உறைய வைக்கிறார்கள், பெக்கொரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியினுடையது. இது தெரிந்தும் சாப்பிடும் சைவர்கள் உண்டு, தெரிந்தால் தொடாதவர்களும் உண்டு. முடிவு உங்களுடையது. முட்டையும் கூடாது என்றால் வடக்கில் கையால் தேய்த்த பாஸ்தா வேண்டாம். ஸ்பெகெட்டி, பென்னே போன்ற காய்ந்த பாஸ்தா பெரும்பாலும் கோதுமை ரவையும் தண்ணீரும்தான். இனிப்புகளில், பன்னா கோத்தாவில் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின், திராமிசூவில் பச்சை முட்டை. பழம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பயமில்லாமல் கேட்கக்கூடியவை: தக்காளி மட்டும் போட்ட ஸ்பெகெட்டி அல் பொமதோரோ, பூண்டும் எண்ணெயும் மிளகாயும் போட்ட ஆலியோ ஒலியோ எ பெப்பெரொன்சீனோ, காரமான பென்னே அர்ராபியாத்தா. எதிலும் சீஸ் வேண்டாம் என்றால் "செந்த்ஸா ஃபொர்மாஜ்ஜோ". சஷ்டி, கார்த்திகை, பிள்ளையார் நோன்பு நாளில் பயணம் அமைந்தாலும் இந்த மூன்றை வைத்து ஓட்டிவிடலாம்.

அசைவக்காரர்களுக்கு வேறு கவலை. மான்ஸோ என்றால் மாடு, வித்தெல்லோ என்றால் கன்று, மையாலே என்றால் பன்றி. கார்பொனாராவிலும் அமத்ரிச்சானாவிலும் பன்றிக் கன்னத்துக் கொழுப்பு உண்டு, புரொஷூத்தோவும் பன்றிதான். ஆடு வேண்டுமென்றால் ரோமில் அப்பாக்கியோ கேளுங்கள், பால்குடி மறக்காத ஆட்டுக்குட்டி. ஸ்கொத்தாதீதோ என்று நெருப்பில் வாட்டித் தருகிற விலா எலும்பைக் கையால் எடுத்துக் கடிப்பதுதான் முறை. முள்கரண்டியோடு மல்லாடிக்கொண்டிருந்த எங்கள் வீட்டுச் செட்டியாருக்கு அன்றைக்குத்தான் முகம் மலர்ந்தது. ஆட்டு ஈரல், இதயம், நுரையீரல் எல்லாம் போட்டு வதக்கும் கொரத்தெல்லாவும் அங்கே உண்டு. தெஸ்தாச்சோ என்ற பேட்டையில் முன்பு பெரிய அறுப்புக்கூடம் இருந்தது, அதைச் சுற்றி வளர்ந்த சமையல் இந்த உள்ளுறுப்புச் சமையல். குடல், வால் இரண்டும் அங்கே மாட்டினுடையது, கவனம்.

மீனும், பிஸ்தெக்கா என்ற ஃபிளாரன்ஸ் மாட்டுக்கறித் துண்டும் வாங்கும்போது விலையைப் பார்த்துப் படியுங்கள். பட்டியலில் இருப்பது 100 கிராமுக்கான விலையாக இருக்கலாம், "அல்லெத்தோ" என்று பக்கத்தில் எழுதியிருக்கும். என் சம்பந்தி வீட்டில் இது தெரியாமல் ஒரு முழு மீனைச் சொல்லிவிட்டு, பில் வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுப்பில் போடும் முன் மீனைக் காட்டி, எடை சொல்லச் சொல்லுங்கள். பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால் அது உறைய வைத்த சரக்கு.

மேசையில்

பாஸ்தாவைக் கத்தியால் வெட்டாதீர்கள். முள்கரண்டியில் நாலு இழை மட்டும் எடுத்து, தட்டின் ஓரத்தில் வைத்துச் சுற்றுங்கள். நிறைய எடுத்தால் பந்தாகி வாய்க்குள் போகாது. பாஸ்தா கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பாதீர்கள், அது அந்தப் பதம்தான். கடைசியில் தட்டில் மிஞ்சும் சாற்றை ரொட்டியால் வழித்துச் சாப்பிடலாம். டிராட்டோரியாவில் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், சமைத்தவருக்குச் சந்தோஷம்தான். மீன், இறால் போட்ட பாஸ்தாவுக்குச் சீஸ் கேட்காதீர்கள். நான் கிண்ணத்துக்குக் கை நீட்டும்போதே மகள், "ஆத்தா, வேணாம், எல்லாரும் பாக்குறாக" என்றாள்.

அப்புறம் பொடி டப்பா. பருப்புப் பொடி, மிளகாய்ப் பொடி, மாவடு எல்லாம் பெட்டியில் எடுத்துப் போங்கள், அறையில் சாப்பிடுங்கள், ஒருவரும் கேட்கப்போவதில்லை. டிராட்டோரியா மேசையில் மட்டும் திறக்காதீர்கள். ஒரு விருந்தாளி என் உப்புக்கறியின் மேல் தக்காளி சாஸ் ஊற்றிப் பிசைந்ததைப் பார்த்தவள் நான். சின்ன வெங்காயம் உரித்த கை எரிச்சல் அப்போதுதான் எனக்கு உறைத்தது. காரம் வேண்டுமென்றால் "பெப்பெரொன்சீனோ" என்று கேளுங்கள், காய்ந்த மிளகாய்த் தூளோ மிளகாய் ஊறிய எண்ணெயோ கொண்டுவந்து வைப்பார்கள். நம் நாக்குக்கு அது போதாது என்பது உண்மை. ஒரு வேளைக்குப் பொறுத்துக்கொள்ளலாம். அல்லது மிளகு தூக்கலாக இருக்கும் காச்சோ எ பெப்பே சாப்பிடுங்கள்.

சாப்பாடு முடிந்ததும் காபி. அது கறுப்பாக, இரண்டு மடக்கு. கப்புச்சீனோ காலையில்தான், வயிறு நிறைந்தபின் பாலா என்று அவர்கள் நினைக்கிறார்கள். டிகிரி காபி ஞாபகத்தில் கப்புச்சீனோ கேட்டால் தருவார்கள்தான், சிரித்துக்கொண்டே தருவார்கள். காபிக்குப் பிறகு எலுமிச்சை லிமொன்செல்லோ அல்லது கசப்பான அமாரோ ஒரு சின்ன கிளாஸில் நீட்டுவார்கள். இரண்டும் சாராயம், குடிக்காதவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிடலாம்.

பில்லை அவர்களாகக் கொண்டுவர மாட்டார்கள். அது அலட்சியம் இல்லை. கேட்காமல் பில் வைத்தால் எழுந்து போகச் சொல்வது போல் ஆகிவிடும் என்று விட்டுவைக்கிறார்கள். மேசை அன்று இரவுக்கு உங்களுடையது. "இல் கொந்தோ, பெர் ஃபவோரே" என்றால் வரும், சில இடங்களில் எழுந்து கல்லாவுக்குப் போக வேண்டும். கார்டு வாங்க மறுத்தால் கடைக்காரருக்கு அபராதம் என்று 2022-லிருந்து விதி இருக்கிறது, இருந்தாலும் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள். பில்லில் கொப்பெர்த்தோ என்று ஆளுக்கு ஒன்று முதல் மூன்று யூரோ வரை ஒரு கட்டணம் இருக்கும். உட்கார்ந்ததற்கும் ரொட்டிக்கும் சேர்த்து வாங்குவது, ஏமாற்று இல்லை, பட்டியலிலேயே எழுதியிருக்க வேண்டும். ரோம் இருக்கும் லாத்சியோவில் மட்டும் 2006-ல் அதைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள், அங்கே ரொட்டிக்கு என்று தனியாக எழுதுவார்கள். செர்வீத்சியோ என்று ஒரு கட்டணம் எழுதியிருந்தால் பரிமாறிய கூலியும் அதிலேயே சேர்ந்துவிட்டது. அப்படி இல்லாவிட்டாலும் டிப்ஸ் கட்டாயம் இல்லை. நன்றாகக் கவனித்த பையனுக்கு ஒன்றிரண்டு யூரோ மேசையில் வைத்துவிட்டு, வாசலில் "அர்ரிவெதெர்ச்சி" சொல்லிவிட்டு வாருங்கள்.